அடிபட்ட ஆளைத் திரும்ப வேலையில் நிறுத்தும் நிலையம்: கல்முனைப் பக்கம் எங்கள் அனுபவம்

வேலைத்தலத்தில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் வெளியேறும் துண்டு எழுதி வீட்டுக்கு அனுப்பிய பிறகு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் குடும்பங்கள் அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் நிறைய இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கல்முனைப் பக்கம் ஒரு சின்ன நிலையம் இருக்கிறது. காயப்பட்டவரை அவருடைய வேலையிலேயே மறுபடி கொண்டுபோய் நிறுத்துவதுதான் அவர்களுடைய வேலை. என் தம்பியை அங்கே கொண்டுபோனோம், இப்போது அவன் மில்லில் நிற்கிறான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கட்டாயம் போங்கள். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஆனால் அவற்றுக்காகப் போகாமல் விடாதீர்கள்.

நிலையத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே பார்ப்பவர்கள் பகலில் அரச வேலையில் இருப்பவர்கள், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கல்முனையில் எலும்பு டொக்டர் பார்க்கும் எந்த இடத்தில் விசாரித்தாலும் வழி சொல்வார்கள்.

தம்பிக்கு வேலை சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி மில்லில். நாங்கள் காரைதீவு. பெரும்போக அறுவடை நேரத்தில் மில் இரவு பகலாக ஓடும் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படியொரு இரவில் நெல் தூக்கும் எலிவேட்டர் பெல்டில் வலது கை இழுபட்டு, சுட்டுவிரலையும் நடுவிரலையும் மடக்கும் தசைநார் அறுந்துவிட்டது. பெல்டுக்கு இருக்க வேண்டிய மறைப்பைத் துப்புரவு செய்யக் கழற்றியவர்கள் திரும்பப் போடவில்லை. 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே இப்படிச் சுழலும் பாகங்களுக்கு மறைப்பு இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதைப் பற்றி எழுதினால் அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் நன்றாகச் செய்தார்கள், ஒரு சதம் செலவில்லை. அங்கே வேலை செய்பவர்களுக்கு என்றைக்கும் நன்றி. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கிளினிக்கில் கொடுத்த கடிதத்தில் ஒரே ஒரு வரி, பாரம் குறைந்த வேலை செய்யலாம் என்று. அரிசி மில்லில் பாரம் குறைந்த வேலை எது? அதை எழுதிய டொக்டர் மில்லைப் பார்த்ததில்லை, பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, வெளியே அவ்வளவு பெரிய வரிசை. தம்பி அந்தக் கடிதத்தை முதலாளியிடம் கொண்டுபோனான். ஹாஜியார் கெட்ட மனிதர் இல்லை. வாசித்துப் பார்த்துவிட்டு, "கை முழுசாச் சுகமான பிறகு வாங்க மகன், அவசரப்பட வேணாம்" என்று சொல்லி, செலவுக்கும் ஏதோ கையில் வைத்து அனுப்பினார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தையோடு தம்பி வீட்டில் உட்கார்ந்துவிட்டான். கையை ஒரு துவாயால் மூடிக்கொண்டு, யாராவது பார்க்க வந்தால் அறைக்குள் போய்விடுவான். இளம் பிள்ளை, இரண்டு சின்னக் குழந்தைகளுக்குத் தகப்பன். கேட்டதற்கெல்லாம் "ம்" என்று மட்டும் பதில் வரும்.

இந்த நிலையத்தைப் பற்றிச் சொன்னது பாண்டிருப்பில் இருக்கும் ஒரு மேசன். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து தோள் முறிந்து, அங்கே போய் வேலைக்குத் திரும்பியவர்.

முதல் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இந்த இடத்துக்கும் மற்ற இடங்களுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அங்கே தொழில்வழிச் சிகிச்சை பார்க்கும் ஒரு பெண் இருக்கிறார், எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கூடவே பிசியோதெரபி செய்யும் ஒருவர். மிஸ் கையைப் பார்ப்பதற்கு முன்பே வேலையைப் பற்றிக் கேட்டார். மூட்டை எத்தனை கிலோ, தூக்கும்போது யார் ஏற்றிவிடுவார், எந்தத் தோளில் வைப்பது, தரை ஈரமாக இருக்குமா, படி ஏற வேண்டுமா, சாக்கின் வாயை மெஷினால் தைப்பதா கையால் தைப்பதா, மோட்டர் சுவிட்ச் எந்த உயரத்தில் இருக்கிறது, வீட்டிலிருந்து மில்லுக்கு எதில் போவது, மோட்டர் சைக்கிள் என்றால் முன் பிரேக்கை எந்த விரலால் பிடிப்பது. இந்தக் கேள்விகளுக்கெல்லாம் தம்பியைத் தவிர வேறு யாரால் பதில் சொல்ல முடியும்? பல வாரமாக வாய் திறக்காத பிள்ளை, நெல் எப்படி வந்து கொட்டப்படுகிறது, கல் பிரிக்கிற மெஷின் எப்போது அடைக்கும், தவிடு எந்தப் பக்கம் போகும் என்று கதைத்துக்கொண்டே போனான். நானும் அவன் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மிஸ் நிறுத்தாமல் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் கையைத் தொட்டார். கைப்பிடி வலுவை அளக்கிற ஒரு கருவி இருக்கிறது, அதைப் பிடித்து நெரிக்கச் சொன்னார்கள். இடது கை 42 கிலோ காட்டியது, வலது கை 9. தம்பியின் முகம் விழுந்துவிட்டது. மிஸ் அந்த எண்ணை மறைக்கவில்லை, ஆறுதல் வார்த்தையும் சொல்லவில்லை. ஒரு தாளில் எழுதி, "மில்லில் உங்கட வேலை ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பிடி வேணும் என்று நான் வந்து பார்க்கிறேன், எல்லாத்துக்கும் 42 தேவையில்லை" என்றார். எனக்கு இன்றைக்கும் காதில் இருப்பது அந்த வார்த்தைதான்.

பயிற்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஒவ்வொரு காயத்துக்கும் அது மாறும். அறுந்து தைத்த தசைநாரை முதல் ஆறு வாரம் அளவுக்கு ஸ்ப்ளின்ட், அதாவது கையைத் தாங்கிப் பிடிக்கும் மட்டை, போட்டுக் காப்பாற்ற வேண்டும், அதே நேரத்தில் சொல்லித்தந்த அளவுக்கு அசைக்கவும் வேண்டும். அசைக்காவிட்டால் சுற்றியுள்ள சதையோடு ஒட்டி விரல் மடங்காமல் போய்விடும், அவசரப்பட்டுப் பலமாக இழுத்தால் தைத்த இடம் விட்டுப்போகும். பாரமான வேலைக்குப் பொதுவாகப் பன்னிரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். எங்கள் ஊரில் இந்த இடத்தில்தான் ஆட்கள் கெட்டுப்போகிறார்கள். ஒன்று, பயந்து கையைக் கட்டியே வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய் போட்டு உருவி இழுப்பார்கள். தழும்பில் எதுவும் படக்கூடாது என்ற அளவுக்குக் கூச்சம் இருந்தது, அதற்கு ஒரு பேசினில் அரிசி, இன்னொன்றில் பருப்பு, பிறகு மணல் என்று வைத்து அதற்குள் கையை விட்டு அளையச் சொன்னார்கள். வீட்டில் செய்யக்கூடியது, செலவில்லை. குழந்தைகளும் பக்கத்தில் உட்கார்ந்து கையை விட்டு விளையாடுவார்கள், அவனும் துவாயை மறந்துவிடுவான். பிறகு களிமண் மாதிரி ஒரு பொருளை நெரிப்பது, திருகாணி கழற்றிப் பூட்டுவது, மணல் நிரப்பிய பையைத் தூக்குவது, அந்தப் பையின் பாரத்தை மெல்ல மெல்லக் கூட்டுவது என்று போனது. வேறு பிசியோதெரபி இடங்களில் வெளிச்சம் பிடித்து, மெஷின் வைத்து அனுப்புவார்கள். இங்கே சாக்குக் கட்டும் கயிற்றையே கொண்டுவரச் சொல்லி அதில் முடிச்சுப் போட வைத்தார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த நிலையத்தை நான் இவ்வளவு தூரம் பாராட்டுவதற்குக் காரணம் அவர்கள் மில்லுக்கு வந்ததுதான். மற்ற எல்லாவற்றையும் எப்படியாவது வேறு இடத்திலும் செய்துகொள்ளலாம், இதை இந்தப் பக்கத்தில் வேறு யாரும் செய்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஹாஜியாருக்கு முதலில் பிடிக்கவில்லை. யாரோ அரசாங்கத்தில் இருந்து விசாரிக்க வருகிறார்கள், கேஸ் போடப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டார், அது நியாயமான பயம்தான். மிஸ் போனில் பேசியே அதைச் சரிப்படுத்தினார். "ஹாஜியார், நான் குறை பிடிக்க வரல்ல. உங்கட ஆளை உங்களிட்டத் திரும்பத் தரத்தான் வாறன், அவர் எங்க நின்டா உங்களுக்கும் பிரயோசனம் என்று பார்க்க வேணும்" என்றார். வந்த அன்று அளவு நாடா, ஒரு தூக்குத் தராசு, ஒரு கொப்பி, அவ்வளவுதான் கையில். மூட்டைகளை நிறுத்துப் பார்த்தார். நெல் மூட்டை அறுபது கிலோவுக்கு மேல். ஒரு ஆண் தனியாகத் தூக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டினால் அதைக் குறைக்க வழி பார்க்க வேண்டும் என்று சர்வதேச தொழில் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்திருக்கிறது என்று அவர் ஹாஜியாரிடம் சொன்னபோது, அடிபட்ட தம்பியைப் பற்றி மட்டுமல்ல, நடுமுதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மற்ற ஆட்களைப் பற்றியும்தான் பேசுகிறார் என்று எல்லோருக்கும் விளங்கியது. அங்கே நீண்ட காலம் வேலை செய்யும் காக்கா ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, தன் முதுகு வலியையும் சொல்லத் தொடங்கிவிட்டார்.

பிறகு மில்லுக்குள் இருக்கும் வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். டோக்கன் எழுதித் தராசில் நிற்பது, நெல்லின் ஈரம் பார்ப்பது, வரும் லொறிக்குக் கணக்கு வைப்பது, இவற்றுக்கு அந்தக் கை போதும், உடனேயே தொடங்கலாம் என்றார். கல் பிரிக்கிற மெஷினைப் பார்த்துக்கொண்டு நிற்பதை அடுத்த கட்டத்துக்கு வைத்தார். சாக்கு தைக்கும் கை மெஷின் பார்க்க இலேசாக இருந்தாலும், அதன் அதிர்வும் விசையை விரலால் அமுக்கிப் பிடிப்பதும் இந்தக் காயத்துக்குக் கூடாது, அது பிந்தித்தான் என்றார். நாங்கள் யாரும் அப்படி நினைத்திருக்க மாட்டோம், அது லேசான வேலை என்று முதல் நாளே அவனை அதில்தான் விட்டிருப்போம். எலிவேட்டர் பக்கம் கடைசியில். மூட்டை தூக்குவது, இரண்டு பேராக அல்லது தள்ளுவண்டியில் மட்டும். நெல் அள்ளும் சவலின் பிடி மெலிதாக இருந்தது, அதைப் பிடிக்க விரல் முழுக்க மடங்க வேண்டும். பழைய டயர் டியூப்பை வெட்டிப் பிடியில் சுற்றி மொத்தமாக்கச் சொன்னார். மொத்தமான பிடிக்கு விரலும் அவ்வளவு மடங்கத் தேவையில்லை, வலுவும் குறைவாகப் போதும். ஹாஜியாரே ஒரு பெடியனைக் கூப்பிட்டு அங்கேயே செய்வித்தார். பெல்டின் மறைப்பும் அன்றைக்கே திரும்பிப் பூட்டப்பட்டது, யாரும் கேட்காமலேயே.

அந்த ஒரு மாலையில் ஹாஜியார் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். கை முழுசாச் சுகமான பிறகு வா என்று சொன்ன மனிதர், அடுத்த கிழமையிலிருந்து அரை நாள் வரட்டும், தராசில் இருக்கட்டும் என்றார். முன்பும் அவருக்கு மனம் இருந்தது. எந்த வேலையைக் கொடுத்தால் கை கெடாது என்பதுதான் தெரியாமல் இருந்தது, அதைச் சொல்ல அதுவரை ஒருவரும் வரவில்லை.

பயத்தைப் பற்றியும் எழுத வேண்டும், இதைப் பற்றி எங்கள் ஆட்கள் பேசுவதே இல்லை. மில்லில் அன்று மோட்டரைப் போட்டதும் தம்பிக்கு வியர்த்துக் கொட்டியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆம்பிளைப் பிள்ளை பயப்படலாமா என்று ஒருவர் சொல்ல வாயெடுத்தார். மிஸ் அவரைக் கையால் தடுத்துவிட்டு, மோட்டரை நிறுத்தச் சொல்லி, தம்பியிடம் தண்ணீர் கொடுத்து, "இது நடக்கும், பெரிய மெஷினில் அடிபட்ட நிறையப் பேருக்கு நடக்கும், கையைப் போல இதுக்கும் காலம் கொடுக்க வேணும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு அதற்கும் ஒரு வழி வைத்தார். முதலில் மில் ஓடாத நேரம் உள்ளே நடப்பது, பிறகு தூரத்தில் இருந்து சத்தம் கேட்பது, பிறகு சுவிட்சைத் தானே போட்டுத் தானே நிறுத்துவது. அந்த நிறுத்துவது என்ற விஷயம் அவனுக்குப் பெரிய தைரியம் கொடுத்தது. தூக்கமும் மெல்ல மெல்லச் சரியானது. கை வலுவாகி, மனம் வலுவாகாமல் இருந்திருந்தால் அவன் அந்த மில்லுக்குள் கால் வைத்திருக்கவே மாட்டான்.

அரை நாளில் தொடங்கி, பிறகு முழு நாள் தராசு, பிறகு கல் பிரிக்கிற மெஷின் என்று ஒரு தாளில் கட்டம் கட்டமாக எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, எந்த வலி வந்தால் நிறுத்த வேண்டும் என்று தமிழில், மில்லில் பேசும் சொற்களிலேயே எழுதியிருந்தது. ஒரு பிரதி ஹாஜியாருக்கு, ஒன்று தம்பிக்கு, ஒன்று கிளினிக்கில் காட்ட. அடுத்த முறை கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் அதை வாங்கி நன்றாக வாசித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். கடைசியாக அளந்தபோது வலது கை 34 கிலோ. நடுவிரல் முழுமையாக மடங்கவில்லை, இனி மடங்காது என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். தனியாக மூட்டை தூக்கும் வேலை அவனுக்கு இல்லை. ஆனால் இப்போது மில்லின் ஈரம் பார்ப்பதும் லொறிக் கணக்கும் அவன் பொறுப்பு, எலிவேட்டர் பக்கமும் போய் நிற்கிறான்.

சரி, காசு. நிலையத்தில் ஒரு தடவைக்கு 2,000 ரூபாய், மில்லுக்கு வந்ததற்கு 6,000 வாங்கினார்கள், ஸ்ப்ளின்ட் தனி. நாள் கூலி வாங்கும் குடும்பத்துக்கு, அதுவும் கூலி நின்றுபோன நேரத்தில், இது பெரிய தொகை. நான் ஆசிரியை, எனக்குச் சம்பளம் வருகிறது, அதனால் கட்ட முடிந்தது. கட்ட ஒருவரும் இல்லாத வீடுகளை நினைத்தால் எனக்கு மனம் தாங்கவில்லை. மில்லுக்கு வந்த செலவைப் பிறகு ஹாஜியார் தானாகவே கொடுத்தார், ஆனால் எல்லா முதலாளியும் அப்படி இருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றித் தெரிந்து வைத்திருங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வேலையால் வந்த காயத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. நாள் கூலிக்கு நின்றாலும், முதலாளியின் தொழிலுக்காக வேலை செய்பவருக்கு உரிமை உண்டு, வேலை செய்ய முடியாத காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பனவும், நிரந்தரமாக ஏதாவது இழந்தால் அதற்கு ஒரு தொகையும். உச்சத் தொகை நீண்ட காலம் ஐந்தரை இலட்சம் ரூபாயாக இருந்து, 2022இல் செய்த திருத்தத்தோடு இருபது இலட்சமாக ஆனது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்தும் அதோடு உள்ளே வந்தது. நட்டஈட்டு ஆணையாளரின் அலுவலகம் கொழும்பில், ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் பக்கத்தில் உள்ள தொழில் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். விபத்து நடந்ததை முதலாளிக்கு உடனேயே எழுத்தில் அறிவியுங்கள், துண்டையும் கிளினிக் கொப்பியையும் பத்திரமாக வையுங்கள். என்னைக் கேட்டால் இந்தச் சட்டத்தின் பெரிய குறை, அது காசைப் பற்றித்தான் பேசுகிறது. போன விரலுக்கு எவ்வளவு என்று அட்டவணை இருக்கிறது, இருக்கும் விரல்களோடு அந்த மனிதன் எப்படி வேலைக்குத் திரும்புவது என்பதற்கு யாரையும் பொறுப்பாக வைக்கவில்லை.

எங்கள் சித்தப்பாவின் மகன் மெல்பேர்னில் ஒரு பொருட்கிடங்கில் வேலை செய்யும்போது முதுகில் அடிபட்டவர். அந்த அண்ணனிடம் இதைப் பற்றிப் போனில் பேசியபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மெல்பேர்ன் இருக்கும் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் பெயரிலேயே வேலைத்தலக் காயம், மறுவாழ்வு, நட்டஈடு மூன்றும் ஒன்றாக வருகிறது. அடிபட்டவர் ஏதாவது வேலை செய்யும் நிலையில் இருந்தால் அவருக்கு ஏற்ற வேலையை முதலாளி 52 வாரம்வரை கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறார். முதல் 13 வாரம் பழைய சம்பளத்தில் 95 வீதம், அதற்குப் பிறகு 80 வீதம். வேலைத்தலத்துக்கு வந்து பார்த்துத் திட்டம் போடும் ஆட்களுக்குக் காப்புறுதி காசு கட்டுகிறது, அதிலும் குறைந்தது மூன்று நிறுவனத்தில் ஒன்றைத் தொழிலாளியே தெரிவு செய்யலாம். எங்கள் மிஸ் ஒரு மாலையில் செய்ததை அங்கே ஒரு ஒழுங்காகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் அண்ணன் இன்னொன்றையும் சொன்னார், அங்கேயும் எல்லோருக்கும் நல்லபடி நடப்பதில்லை. நீண்ட காலம் சுகமாகாமல் இருப்பவர்களைக் காப்புறுதி முகவர்கள் நடத்தும் விதத்தைக் கண்டித்து அந்த மாநிலத்தின் ஒம்புட்ஸ்மன், அதாவது மக்களின் முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரி, 2016இலும் 2019இலும் அறிக்கை வெளியிட்டிருக்கிறார். தொழிலாளியை விட்டுவிட்டுக் கோப்பை மூடுவதில்தான் குறி என்றால் எவ்வளவு காசு இருந்தும் பயனில்லை. எங்கள் நிலையத்தில் காசு இல்லை, ஆட்கள் இல்லை, ஆனால் பார்ப்பவர்களுக்குக் குறி தொழிலாளிதான்.

இனிக் குறைகள். முதலாவது, நிலையம் மேல் மாடியில் இருக்கிறது, படி ஒடுக்கம், கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். முதுகில், காலில் அடிபட்டவர்கள் வரும் இடம் அது! இடுப்பு முறிந்த ஒருவரை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிவந்ததை நான் பார்த்தேன், பார்க்கவே வேதனையாக இருந்தது. கீழ்த் தட்டில் ஒரு அறை எடுத்தே ஆக வேண்டும், வாடகை அதிகம் என்று சொல்கிறார்கள், அப்படியென்றால் எங்களிடம் நூறு ரூபாய் கூடுதலாக வாங்கினாலும் பரவாயில்லை. இரண்டாவது, மாலை நேரம் மட்டும்தான் திறப்பார்கள், மிஸ் ஒருவர்தான். அவருக்கு லீவு என்றால் அன்று வேலைத்தலம் சம்பந்தமான எதுவும் நடக்காது. முன்கூட்டிப் போன் எடுக்காமல் போனால் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டி வரும், போனும் பல நேரம் எடுக்க மாட்டார்கள். மூன்றாவது, முதலாளிக்கான தாள் தமிழில் நன்றாக இருந்தாலும், கடைசியில் தரும் ரிப்போர்ட் ஆங்கிலத்தில் மட்டும். நட்டஈட்டுக்கு அது தேவைப்படும் என்பதால் அப்படி எழுதுகிறார்கள், சரி, ஆனால் தன் கையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தம்பிக்கு வாசிக்க முடியவில்லை, நான் இருந்து விளக்க வேண்டியிருந்தது. அப்புறம், வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு தடவையாவது அவர்களாகவே போன் எடுத்து விசாரித்தால் நன்றாக இருக்கும். அரை நாளிலிருந்து முழு நாளுக்கு மாறிய அந்தக் கிழமையில்தான் கை வீங்கி, இனி முடியாது என்று தம்பி விட்டுவிடப் பார்த்தான். நாங்கள் போய்ச் சொன்ன பிறகுதான் அவர்களுக்குத் தெரியும். உடனே நேரத்தைக் குறைத்துத் திட்டத்தை மாற்றிக் கொடுத்தார்கள், அது நல்ல விஷயம். ஆனால் போய்ச் சொல்ல ஆளில்லாத ஒருவர் அந்தக் கிழமையோடு வேலையை விட்டிருப்பார்.

அங்கே காத்திருந்த நேரங்களில் வேறு ஆட்களையும் பார்த்தேன். தையல் தொழிற்சாலையில் வேலை செய்து மணிக்கட்டு மரத்துப்போன பெண் பிள்ளைகள், மருதமுனைப் பக்கத்துக் கைத்தறிக்காரர் ஒருவர், வலை இழுத்துத் தோள் போன கடற்தொழிலாளர்கள். கடற்தொழிலாளிக்கு முதலாளியும் இல்லை, போய்ப் பார்க்க மில்லும் இல்லை. அவர்களில் ஒருவர், நிலையத்தார் தன்னோடு கடற்கரைக்கே வந்து, வலை இழுக்கும்போது எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னார். பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொழிற்சாலைப் பிள்ளைகள் பலர் தங்கள் வேலைத்தலத்துக்கு மிஸ் வருவதை விரும்பவில்லை, வேலை போய்விடும் என்ற பயம். அவர்களுக்குத் தெரிய வேண்டியது, 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி அங்கவீனத்தைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது. சட்டம் இருந்தும் பயம் போகவில்லை என்றால் அந்தப் பயத்துக்கும் காரணம் இருக்கும், நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நிலையத்தில் அப்படியானவர்களுக்குத் தொழிற்சாலைக் கதிரையின் உயரத்தைப் படம் எடுத்துவரச் சொல்லி, அங்கேயே அதே உயரத்தில் மேசை வைத்துப் பழக்குகிறார்கள்.

மில் முதலாளிமார், கடை முதலாளிமார் இதை வாசித்தால் ஒன்று கேட்கிறேன். ஆள் அடிபட்டால் கையில் காசு வைத்து அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். இப்படி ஒருவரைக் கூப்பிட்டு உங்கள் இடத்தைக் காட்டுங்கள், அந்தச் செலவை நீங்கள் கட்டுங்கள். பழகிய வேலையாளை இழந்து புதிதாக ஒருவரைப் பழக்குவதைவிட அது குறைவுதான்.

போகிறவர்களுக்கு. தையல் பிரித்து, டொக்டர் சரி என்றதும் போய்விடுங்கள், முழுதும் ஆறட்டும் என்று மாதக்கணக்கில் இருக்க வேண்டாம், ஒட்டிய விரலைப் பிறகு மடக்குவது மிகவும் கஷ்டம். துண்டு, ஒப்பரேஷன் விபரம், எக்ஸ்ரே எல்லாம் கொண்டுபோங்கள். வேலை செய்யும் இடத்தை, மெஷினை, தூக்கும் பொருளை யாராவது போனில் படம் எடுத்துத் தந்தால் இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமை பூட்டு. மோட்டர் சைக்கிள் நிறுத்தப் பின்பக்கம் இடம் இருக்கிறது, ஓட்டோவில் போனால் வாசலிலேயே இறங்கலாம். முதலாளியின் போன் நம்பரை மறக்காமல் எழுதிக்கொண்டு போங்கள், முதல் நாளே கேட்பார்கள்.